மூளை ஏற்பிகளுக்கு டிரேசர் செய்ய வரும் பிள்ளைகளுக்கு

வேதியியலோ மருந்தியலோ படித்துவிட்டு, கதிர்மருந்து ஆய்வகத்தில் புதிதாகக் கால் வைத்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் ஈயக் கவசமிட்ட ஹாட் செல் முன்னால் நிற்கிறீர்கள். சிலர் எலி மூளைச் சீவல்களோடு இருக்கிறீர்கள். சிலர் பெட் (பாசிட்ரான் உமிழ்வு) ஸ்கேன் தரும் எண்களோடு மல்லுக்கட்டுகிறீர்கள். எந்த மேசையில் உட்கார்ந்திருந்தாலும் நம் எல்லோருடைய வேலையும் ஒன்றுதான்: உயிரோடு விழித்திருக்கும் மனிதரின் மூளையில், மண்டையைத் திறக்காமல், ஒரு குறிப்பிட்ட ஏற்பி எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. அதற்காக உள்ளே அனுப்பும் கதிரியக்க மூலக்கூறுதான் டிரேசர்.

1983 மே 25 அன்று, பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹென்றி வாக்னர் தாமே ஸ்கேனரில் படுத்தார். கார்பன்-11 ஏற்றிய மெத்தில்ஸ்பைப்பெரோனை அவருக்குச் செலுத்தினார்கள். மூளையின் ஆழத்தில், டோபமின் ஏற்பிகள் செறிந்த ஸ்ட்ரையேட்டம் பகுதி படத்தில் எழுந்து வந்தது. அதுவரை மனித மூளையின் டோபமின் ஏற்பிகளை, இறந்தவர்களிடமிருந்து எடுத்த திசுவில்தான் எண்ண முடிந்தது.

அன்றிலிருந்து இன்றுவரை இந்தத் துறையில் மாறாத உண்மை ஒன்று உண்டு. ஒளிரும் படம் ஒன்றை எடுத்துவிடலாம். அந்த ஒளி நாம் தேடிய ஏற்பியிலிருந்துதான் வருகிறது என்று சொல்லும் உரிமையைச் சம்பாதிப்பதற்குத்தான் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த உரிமையைச் சம்பாதிக்கும் வழிகள்.

1. மூலக்கூறைத் தேடுமுன் கேள்வியை முடிவு செய்யுங்கள்

“எந்த ஏற்பிக்கு டிரேசர் செய்யலாம்?” என்று கேட்டுக்கொண்டு வருகிறீர்கள். அதற்கும் முந்திய கேள்வி, அந்த ஏற்பியைப் பற்றி எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது. அது எங்கெங்கே பரவியிருக்கிறது என்பது ஒரு கேள்வி. ஒரு மருந்து போய் அதில் எத்தனை சதவீதத்தைப் பிடித்துக்கொண்டது என்பது வேறு கேள்வி. மூளை சுரக்கும் டோபமின் இந்த நேரத்தில் கூடியதா குறைந்ததா என்பது முற்றிலும் வேறு.

வாக்னர் பயன்படுத்திய மூலக்கூறு ஏற்பியைப் பிடித்தால் ஸ்கேன் முடியும்வரை அநேகமாக விடாது. 1980களின் நடுவில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்காவில் லார்ஸ் ஃபார்டே குழுவினர் கொண்டுவந்த ராக்லோபிரைடோ பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கும். அப்படி விடுவதால்தான் அதை மூளையின் டோபமின் தள்ளிவிட முடிகிறது. 1998இல் லண்டன் ஆய்வாளர்கள், வீடியோ கேம் ஆடுபவர்களின் மூளையில் டோபமின் சுரப்பதை ராக்லோபிரைடின் பிணைப்பு குறைவதை வைத்தே காட்டினார்கள். மனச்சிதைவு மருந்துகள் டோபமினின் டி2 ஏற்பிகளில் ஏறத்தாழ 65 சதவீதத்தைப் பிடித்தால் பலன் தெரிகிறது, 80 சதவீதத்தை நெருங்கித் தாண்டினால் உடல் விறைப்பு, நடுக்கம் போன்ற பக்கவிளைவுகள் கூடுகின்றன என்று மருத்துவர்கள் அறிந்ததும் இதே மூலக்கூறால்தான். பிடியை விடும் குணத்தைக் குறை என்று ஒதுக்கியிருந்தால் இவை எதுவும் கிடைத்திருக்காது. கேள்வி தெளிவாக இருந்தால்தான் எது குறை, எது நிறை என்று தெரியும்.

2. ஏற்பியின் அடர்த்தியையும் பிணைப்பின் வலிமையையும் முதலில் காகிதத்தில் வகுத்துப் பாருங்கள்

ஏற்பியின் அடர்த்தியை பி-மேக்ஸ் என்கிறோம். பிணைப்பு எவ்வளவு இறுக்கம் என்பதைக் கே.டி. சொல்கிறது. கே.டி. எவ்வளவு சிறிதோ, பிணைப்பு அவ்வளவு இறுக்கம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் குறைந்தது 10 ஆவது வர வேண்டும் என்பது இத்துறையின் நடைமுறைக் கணக்கு. இரண்டு எண்களும் கையில் இல்லாமல் ஃபிளாஸ்க்கைத் தொடாதீர்கள்.

ஸ்ட்ரையேட்டத்தில் டி2 ஏற்பி தாராளமாக உண்டு. அங்கே கே.டி. 1 நானோமோலார் அளவில் இருக்கும் ராக்லோபிரைடு போதும். மூளைப் புறணியில் அதே ஏற்பி மிக அரிது. அங்கே ராக்லோபிரைடு எதையும் உருப்படியாகக் காட்டாது. அதனால்தான் 0.03 நானோமோலார் அளவுக்கு இறுக்கமாகப் பிடிக்கும் ஃபாலிபிரைடு வந்தது. ஆனால் அதே ஃபாலிபிரைடு ஸ்ட்ரையேட்டத்தில் சமநிலைக்கு வர மணிக்கணக்காகும். 20 நிமிட அரை ஆயுள் கொண்ட கார்பன்-11 அதுவரை தாங்காது. 110 நிமிட ஃபுளோரின்-18 ஏற்றி, நீண்ட நேரம் ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கிறது. இறுக்கம் கூடக்கூட எல்லாம் நல்லது என்று எண்ணாதீர்கள். ஏற்பியின் அடர்த்தி, பிணைப்பின் இறுக்கம், ஐசோடோப்பின் ஆயுள் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்.

3. நிறையை மறக்காதீர்கள்

டிரேசர் என்றால் மூளைக்கே தெரியாமல் போய்வர வேண்டும். ஏற்பிகளில் ஒரு சதவீதத்துக்கு மேல் அது பிடித்துக்கொண்டாலே யோசிக்க வேண்டும், 5 சதவீதத்தைத் தாண்டினால் அதை டிரேசர் என்று சொல்லக் கூடாது.

இங்கேதான் மோலார் கதிரியக்கம், அதாவது ஒரு மோல் பொருளுக்கு எவ்வளவு கதிரியக்கம் என்ற கணக்கு, வருகிறது. கார்பன்-11 மட்டுமே இருந்தால் ஒரு மைக்ரோமோலுக்கு 341 டெராபெக்கரல் கிடைக்க வேண்டும். நடைமுறையில் 74 கிகாபெக்கரல் கிடைத்தாலே வேலையைத் தொடங்குகிறோம். அப்படியென்றால் ஏறத்தாழ 4,600 மூலக்கூறுகளில் ஒன்றில்தான் கார்பன்-11 இருக்கிறது. மீதியெல்லாம் காற்றிலும் குழாய்களிலும் ரசாயனங்களிலும் இருந்து புகுந்த சாதாரணக் கார்பன். கல்யாணப் பந்தியில் போட்ட இலை கொஞ்சம்தான். அழைக்காதவர்கள் முதலில் உட்கார்ந்துவிட்டால் அழைத்தவர்களுக்கு இலை கிடைக்காது. ஏற்பியில் நடப்பதும் அதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 74 கிகாபெக்கரல் தரமுள்ள ராக்லோபிரைடில் 370 மெகாபெக்கரல் செலுத்தினால் 5 நானோமோல், அதாவது 1.7 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. நோயாளி தாமதமாக வந்து 40 நிமிடம் கழிந்துவிட்டால், அதே 370 மெகாபெக்கரலுக்கு 20 நானோமோல், கிட்டத்தட்ட 7 மைக்ரோகிராம் செலுத்த வேண்டிவரும். ராக்லோபிரைடு இதைப் பொறுத்துக்கொள்ளும். ஓபியாய்டு ஏற்பிக்கான கார்ஃபென்டனில் பொறுக்காது. அதன் வீரியம் மார்ஃபினைப் போல ஏறத்தாழ 10,000 மடங்கு. அங்கே நிறை வரம்பைத் தாண்டினால் டிரேசர் மருந்தாக மாறி, மூச்சையே மட்டுப்படுத்திவிடும். ஊசி போடுமுன் மெகாபெக்கரலைப் படிப்பதுபோலவே மைக்ரோகிராமையும் வாய்விட்டுப் படியுங்கள்.

4. மூளைக்குள் நுழைகிறதா என்று சீக்கிரமே பாருங்கள்

சோதனைக் குழாயில் அற்புதமாகப் பிணையும் மூலக்கூறுகள் பல, ரத்த–மூளைத் தடுப்பைத் தாண்ட முடியாமல் நின்றுவிடுகின்றன. மூலக்கூறு எடை 500க்குக் கீழே, கொழுப்பில் கரையும் தன்மையைக் காட்டும் லாக்-டி ஏறத்தாழ 2 முதல் 3.5 வரை என்று ஒரு வழிகாட்டல் உண்டு. லாக்-டி குறைந்தால் உள்ளே போகாது. மிகக் கூடினால் உள்ளே போய் எல்லாக் கொழுப்பிலும் ஒட்டிக்கொள்ளும், ஏற்பியின் ஒளி அந்தப் பொதுவான மூட்டத்தில் மறைந்துவிடும்.

பிட்ஸ்பர்க்கில் கிளங்க், மேதிஸ் இருவரும் செய்ததை ஒவ்வொரு புதியவரும் படிக்க வேண்டும். அவர்கள் தேடியது ஏற்பியை அல்ல, அல்சைமர் நோயின் அமிலாய்டு படிவை. ஆனால் பாடம் நமக்கும் பொருந்தும். நோயியல் ஆய்வகங்களில் அமிலாய்டுக்குச் சாயமேற்றும் தயோஃபிளேவின்-டி நேர்மின் சுமை கொண்டது, அதனால் மூளைக்குள் போகாது. அந்த மின்சுமையை நீக்கி நடுநிலை மூலக்கூறாக்கினார்கள். அதன் வழியில் பிறந்ததுதான் பிட்ஸ்பர்க் காம்பவுண்ட்-பி. 2002இல் ஸ்வீடனின் உப்சாலாவில் முதல் நோயாளிக்குச் செலுத்தப்பட்டது.

இன்னொன்றையும் பாருங்கள். நுழைந்த மூலக்கூறையே வெளியே தள்ளும் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற புரதம் தடுப்பில் உட்கார்ந்திருக்கிறது. வயிற்றுப்போக்குக்கு நாம் விழுங்கும் லோபெரமைடும் ஓபியாய்டு வகைதான். வழக்கமான அளவில் அது மூளையைத் தொடாமல் இருப்பதற்கு இந்தப் புரதமே முக்கியக் காரணம். உங்கள் மூலக்கூறும் இதற்கு இரையாகிறதா என்பதைச் செல் சோதனையிலேயே பார்த்துவிடலாம்.

5. ஐசோடோப்பை எங்கே ஏற்றுகிறீர்கள் என்பதில் கவனம்

எளிதில் ஏறும் இடத்தில் ஏற்றிவிட ஆசை வரும். கல்லீரல் அந்த மூலக்கூறை எங்கே வெட்டும் என்று கேட்ட பிறகு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

செரோட்டோனினின் 5-ஹெச்.டி.1ஏ ஏற்பிக்கான வே-100635 இதற்கு மிகச் சிறந்த உதாரணம். முதலில் அதன் மெத்தாக்ஸி முனையில் கார்பன்-11ஐ ஏற்றினார்கள். ஏற்றுவது சுலபம். ஆனால் உடல் அந்த மூலக்கூறை அதன் அமைடு பிணைப்பில் வெட்டியது. கார்பன்-11 ஒட்டியிருந்த துண்டோ மூளைக்குள் போகக்கூடியது, ஏற்பிகளையும் பிடிக்கக்கூடியது. படத்தில் தெரிந்த ஒளியில் எது தாய் மூலக்கூறு, எது துண்டு என்று பிரிக்க வழியில்லை. பிறகு லண்டன் ஹேமர்ஸ்மித்தில் அதே மூலக்கூறின் கார்பொனில் தொகுதியின் கார்பனில் ஏற்றினார்கள். இப்போது வெட்டுப்பட்டால் கார்பன்-11 ஓர் அமிலத் துண்டோடு போய்விடும், அது மூளைப் பக்கம் வராது. மூலக்கூறில் ஓர் அணுகூட மாறவில்லை, கதிரியக்கம் இருந்த இடம் மட்டும் மாறியது. படம் தெளிந்துவிட்டது.

ஃபுளோரின்-18க்கு வேறொரு தொல்லை உண்டு. பிணைப்பிலிருந்து கழன்றால் ஃபுளோரைடாக எலும்பில் படியும். மண்டையோடு ஒளிரும், பக்கத்துப் புறணியின் எண்கள் கெடும். அதே 5-ஹெச்.டி.1ஏ ஏற்பிக்கான எஃப்.சி.வே என்ற டிரேசரில் இது நடந்தது. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில், குடிப்பழக்கத்தை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராமை முன்கூட்டியே கொடுத்து, ஃபுளோரினைக் கழற்றும் நொதியை அடக்கினார்கள். மண்டையோட்டின் ஒளி தணிந்தது. பிரச்சினை எந்த நொதியிடம் இருக்கிறது என்று தேடிப் போனவர்களுக்குக் கிடைத்த வழி அது.

6. வேறு எதையெல்லாம் பிடிக்கிறது என்று தேடுங்கள்

தேடிய இலக்கில் பிணைகிறது என்று காட்டுவது பாதி வேலை. டோபமின் டி1 ஏற்பிக்கான எஸ்.சி.ஹெச்.-23390 ஸ்ட்ரையேட்டத்தில் நன்றாகவே வேலை செய்யும். புறணியில் அதன் ஒளியில் ஒரு பகுதி செரோட்டோனினின் 5-ஹெச்.டி.2ஏ ஏற்பியிலிருந்து வருகிறது. அதே டிரேசரை ஒரு பகுதியில் நம்பலாம், இன்னொரு பகுதியில் யோசிக்க வேண்டும்.

அல்சைமர் நோயில் சேரும் டவ் புரதத்துக்காக வந்த டி.ஹெச்.கே.-5351ஐ எடுத்துக்கொள்ளுங்கள். படங்கள் நோயோடு பொருந்துவதுபோலவே தெரிந்தன. பிறகு மோனோ அமைன் ஆக்சிடேஸ்-பி நொதியை அடக்கும் செலிஜிலைன் கொடுத்துப் பார்த்தபோது ஒளி பெரிதும் குறைந்தது. அத்தனை நாள் பார்த்ததில் பெரும்பங்கு அந்த நொதிதான். மூளையில் ஏராளமாக இருக்கும் இந்த நொதியை உங்கள் புதிய மூலக்கூறுக்கான முதல் சோதனைப் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள்.

7. ஒத்திகை பார்க்காமல் சூடான பேட்ச் தொடங்காதீர்கள்

கார்பன்-11இன் அரை ஆயுள் 20.4 நிமிடம். சைக்ளோட்ரானில் நைட்ரஜன் வாயுவின் மேல் புரோட்டான் கற்றை பாய்ந்து முடிந்த நொடியிலிருந்து உங்கள் பொருள் கரையத் தொடங்கிவிடும். வாயு மெல்லிய குழாய் வழியாக ஹாட் செல்லுக்கு வருகிறது. மெத்தில் அயோடைடாகவோ மெத்தில் டிரிஃப்லேட்டாகவோ மாறுகிறது. ராக்லோபிரைடு என்றால், மெத்தில் முனை இல்லாத மூலப்பொருள் கரைசலில் அது குமிழ்விட்டு இறங்குகிறது. சில நிமிடம் சூடு. பிறகு ஹெச்.பி.எல்.சி. பத்தி.

அந்தத் திரையை நன்றாகப் பாருங்கள். இரண்டு கோடுகள் ஓடும். புற ஊதாக் கோடு நிறையைக் காட்டுகிறது, கதிரியக்கக் கோடு கதிரியக்கத்தின் அளவைக் காட்டுகிறது. முதலில் மூலப்பொருளின் பெரிய உச்சி புற ஊதாக் கோட்டில் மட்டும் எழும், கதிரியக்கக் கோடு அப்போது படுத்தே இருக்கும். பிறகு கதிரியக்கக் கோடு செங்குத்தாக ஏறும்போது, புற ஊதாக் கோட்டில் அதே இடத்தில் ஒரு சின்ன மேடு தெரிந்தாலோ தெரியாமலே போனாலோ மோலார் கதிரியக்கம் நன்றாக இருக்கிறது என்று பொருள். அந்த உச்சியின் ஏற்றத்தில் வால்வைத் திருப்பி, இறக்கம் நீளுமுன் மூடுங்கள். கடைசித் துளிவரை பிடிக்கும் ஆசையில் அடுத்து வரும் அசுத்தத்தையும் சேர்த்துப் பிடிக்காதீர்கள். பிறகு கார்ட்ரிட்ஜில் பிடித்து, எத்தனாலில் கழுவி எடுத்து, சலைனில் கலந்து, 0.22 மைக்ரான் ஃபில்டர் வழியாகக் குப்பியில் சேர்க்க வேண்டும்.

எல்லாம் முடிய 40 நிமிடம் என்றால் கால்பங்குதான் மிச்சம். ஆகவே கதிரியக்கம் இல்லாமல் முழுவதையும் ஓட்டிப் பழகுங்கள். வால்வின் வரிசை கைக்கு மனப்பாடம் ஆக வேண்டும். ஸ்கேன் அறையோடு தொலைபேசியில் பேசி, நோயாளியின் கையில் ஊசிக்குழாய் ஏறிவிட்டது என்று உறுதியான பிறகே கற்றையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

8. தரப் பரிசோதனையில் யார் அவசரப்படுத்தினாலும் அசையாதீர்கள்

குப்பியில் இருப்பது ஒரு மனிதரின் நரம்புக்குள் போகப்போகிறது. அமிலத்தன்மை, கதிர்வேதியியல் தூய்மை, எஞ்சிய கரைப்பான், அரை ஆயுள், எண்டோடாக்சின், ஃபில்டர் கிழியவில்லை என்று காட்டும் குமிழ்ச் சோதனை ஆகியவை ஊசிக்கு முன் முடிய வேண்டும். ஃபுளோரின்-18 வேலையில் கிரிப்டோஃபிக்ஸ் பயன்படுத்தியிருந்தால் அதன் எச்சத்தையும் பாருங்கள். கிருமியற்ற நிலைக்கான வளர்ப்புச் சோதனையின் முடிவு 14 நாள் கழித்துத்தான் வரும். அதாவது ஊசி போட்ட பிறகுதான். அதனால்தான் உங்கள் சுத்தமும் முறையும் முன்கூட்டியே நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும்.

மருத்துவர் காத்திருப்பார், நோயாளி வெறும் வயிற்றோடு வெகுதூரத்திலிருந்து வந்திருப்பார், நிமிடங்கள் போய்க்கொண்டிருக்கும். ஆனாலும் ஒரு சோதனை தவறினால் பேட்ச்சை நிறுத்துங்கள். அதை நீங்களே போய் நோயாளியிடம் பணிவோடு சொல்லுங்கள். இன்னொரு நாள் செய்துகொள்ளலாம்.

9. ஒளியை அணைத்துக் காட்டுங்கள்

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஏற்பியிலிருந்து வரும் ஒளி என்று நீங்கள் நம்பினால், அந்த ஏற்பியை வேறொரு மருந்தால் நிரப்பிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். ஒளி அணைய வேண்டும். அதே மூலக்கூறின் கதிரியக்கமற்ற வடிவால் தடுப்பது முதல் படி. வேதியியல் அமைப்பில் தொடர்பே இல்லாத, அதே ஏற்பியைப் பிடிக்கும் வேறொரு மருந்தால் தடுப்பது இரண்டாம் படி. முதல் படியில் மட்டும் அணைந்து இரண்டாவதில் அணையாவிட்டால், ஏற்பி அல்லாத ஏதோ ஒன்றில் உங்கள் மூலக்கூறு நிறைந்து பிணைகிறது என்று சந்தேகியுங்கள்.

ஸ்கேன் நடுவில் மருந்து கொடுத்து, பிணைந்தது கழன்று வருகிறதா என்றும் பாருங்கள். ஏற்பி இல்லாத பகுதி என்று சிறுமூளையை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டால், தடுப்பு மருந்து கொடுத்தபோது அங்கே எண் குறைகிறதா என்று பார்த்துவிடுங்கள். குறைந்தால் அங்கேயும் ஏற்பி இருக்கிறது, அது ஒப்பீட்டுக்கு ஆகாது. இந்தச் சோதனைகள் இல்லாத அழகான படத்தை எந்த மேடையிலும் காட்டாதீர்கள்.

10. எலியைப் பார்த்துவிட்டு மனிதருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்

சப்ஸ்டன்ஸ்-பியின் என்.கே.1 ஏற்பி எலியில் ஒரு விதம், மனிதரில் இன்னொரு விதம். மனித ஏற்பியை இறுகப் பிடிக்கும் மருந்துகள் பல எலியில் தளர்ந்துவிடும். அதனால் அந்தத் துறையினர் ஜெர்பில், கினிப்பன்றி பக்கம் போனார்கள். எதிர்த்திசையிலும் நடக்கும். குளூட்டமேட்டின் எம்.குளூ.ஆர்.5 ஏற்பிக்கான எஸ்.பி.203 எலி மூளையிலேயே ஃபுளோரினை இழந்தது. மனிதரில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. எலியோடு கைவிட்டிருந்தால் ஒரு நல்ல டிரேசர் போயிருக்கும்.

மனிதருக்கு மனிதரும் ஒன்றல்ல. மூளை அழற்சியைக் காட்டும் டி.எஸ்.பி.ஓ. புரதத்துக்கான பி.பி.ஆர்.28ஐச் சிலருக்குச் செலுத்தியபோது பிணைப்பே தெரியவில்லை. ஸ்கேனரில் குறையில்லை, ஊசியில் குறையில்லை. அந்தப் புரதத்தின் 147ஆம் இடத்தில் அலனினுக்குப் பதில் திரியோனின் வருகிற மரபணு வேறுபாடே காரணம் என்று 2012இல் லண்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு இரண்டு பிரதிகளும் அப்படி இருக்கின்றன. இன்று அந்த ஆய்வில் சேருபவருக்கு முதலில் மரபணுச் சோதனை. கூட்டத்திலிருந்து விலகி நிற்கும் ஓர் எண்ணைக் கண்டால் அழித்துவிடாதீர்கள். அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் விசாரியுங்கள்.

11. பார்ப்பதோடு நிற்காமல் அளந்துவிடுங்கள்

சிவப்பும் மஞ்சளுமாகத் தெரியும் நிறம் மென்பொருள் கொடுத்தது. ஏற்பியின் அளவைச் சொல்ல, காலத்தோடு மாறும் வளைகோடு வேண்டும். ரத்த ஓட்டம் கூடினாலும் ஆரம்பத்தில் ஒளி கூடும், கல்லீரல் மெதுவாக வேலை செய்தாலும் ஒளி கூடும். இவற்றைக் கழிக்கத்தான் இயக்கவியல் மாதிரிகள்.

புதிய டிரேசர் என்றால் தமனி ரத்தம் எடுக்கத் தயங்காதீர்கள். தன்னார்வலரின் மணிக்கட்டுத் தமனியில் மெல்லிய குழாய் இருக்கும். ஆரம்பத்தில் சில நொடிகளுக்கு ஒரு முறையும் பிறகு நிமிடங்கள் விட்டும் ரத்தம் வரும். பனிக்கட்டியில் வைத்து, சுழற்றி, பிளாஸ்மாவைப் பிரித்து, தாய் மூலக்கூறு எத்தனை சதவீதம் மிச்சம் என்று ஹெச்.பி.எல்.சி.யில் பார்க்க வேண்டும். கதிரியக்கம் மங்க மங்க எண்ணும் கருவி தடுமாறும், கைகள் வேகமாக ஓட வேண்டும். கடினமான நாள்தான். ஆனால் இந்த வளைகோடு ஒரு முறை கையில் வந்த பிறகுதான், ரத்தமே எடுக்காமல் ஒப்பீட்டுப் பகுதியை வைத்துக் கணக்கிடும் 1996இன் லாமர்ட்ஸ்மா–ஹியூம் முறை உங்கள் டிரேசருக்குப் பொருந்துமா என்று நேர்மையாகச் சொல்ல முடியும். அதே மனிதரை இன்னொரு நாள் மறுபடி ஸ்கேன் செய்து, எண் எவ்வளவு நகர்கிறது என்றும் பாருங்கள். மருந்தோ நோயோ உண்டாக்கும் மாற்றம் அந்த நகர்வைவிடச் சிறிதாக இருந்தால் எந்த முடிவும் சொல்லாதீர்கள்.

12. உங்கள் உடம்பையும் தன்னார்வலரின் உடம்பையும் காத்துக்கொள்ளுங்கள்

பாசிட்ரான் அழியும்போது வரும் காமாவின் ஆற்றல் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அதைப் பாதியாகக் குறைக்கவே ஏறத்தாழ 4 முதல் 5 மில்லிமீட்டர் ஈயம் தேவை. எக்ஸ்ரே அறையின் ஈய ஏப்ரனை மாட்டிக்கொண்டு பாதுகாப்பாக இருக்கிறோம் என்று எண்ணாதீர்கள். தூரம்தான் உங்கள் முதல் துணை. குப்பிக்கும் விரலுக்கும் இடையே 10 சென்டிமீட்டர் என்பது 1 மீட்டர் ஆனால் கதிர் நூறில் ஒரு பங்காகும். இடுக்கியை எடுக்கச் சோம்பல்படாதீர்கள். மோதிர டோசிமீட்டரை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். இந்தியாவில் பணியாளருக்கான வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30க்கு மேல் கூடாது. வரம்புக்குள் இருப்பதோடு திருப்தியடையாமல், இயன்றவரை குறைத்துக்கொண்டே வாருங்கள்.

தன்னார்வலருக்கு இந்தக் கதிரால் எந்த வைத்தியப் பலனும் இல்லை. நம்மை நம்பி, நாளை வரப்போகும் நோயாளிகளுக்காகப் படுக்கிறார். சரியாகச் செய்யாத ஸ்கேன் அவர் கொடுத்ததை வீணாக்குகிறது.

13. கைவிட்ட மூலக்கூறுகளையும் எழுதி வையுங்கள்

நீங்கள் செய்யப்போகும் மூலக்கூறுகளில் பெரும்பாலானவை மனிதரை எட்டாது. இது துறையின் இயல்பு. செரோட்டோனின் டிரான்ஸ்போர்ட்டருக்கு முதலில் வந்த மெக்-என்-5652இல் பொதுவான ஒட்டுதல் அதிகம். அது ஏன் என்று எழுதிவைத்தார்கள். 2000இல் டொராண்டோவிலிருந்து டாஸ்ப் வந்தபோது அந்தக் குறை பெருமளவு நீங்கியது. மனச்சோர்வு மருந்துகள் வழக்கமான அளவிலேயே அந்த டிரான்ஸ்போர்ட்டரில் ஏறத்தாழ 80 சதவீதத்தைப் பிடித்துவிடுகின்றன என்று அதை வைத்துத்தான் தெரிந்தது.

டிரேசர் தரும் பதில் கசப்பாக இருந்தாலும் அதன் மதிப்பு குறையாது. என்.கே.1 ஏற்பியைத் தடுத்தால் மனச்சோர்வு தீரும் என்று நம்பி அப்ரெபிடன்ட்டைப் பெரிய பரிசோதனைகளில் கொடுத்தார்கள். பலன் இல்லை. டிரேசர் இல்லாதிருந்தால், மருந்து மூளைக்குப் போகவில்லையோ, அளவு போதவில்லையோ என்று பல ஆண்டு அலைந்திருப்பார்கள். ஆனால் பெட் ஸ்கேன் ஏற்கெனவே காட்டியிருந்தது: ஏற்பிகளில் 90 சதவீதத்துக்கு மேல் மருந்து பிடித்துவிட்டது. ஆகவே அளவில் குறையில்லை, அந்தக் கருத்தே மனச்சோர்வுக்குச் சரிவரவில்லை. எத்தனையோ நோயாளிகளின் காலத்தையும் நம்பிக்கையையும் அந்த ஒரு பதில் மிச்சப்படுத்தியது. இவ்வளவு உறுதியாக அது பேச முடிந்ததற்குக் காரணம், அந்த டிரேசரைச் செய்தவர்கள் மேலே சொன்ன ஒவ்வொரு சோதனையிலும் அதை நிறுத்திப் பார்த்திருந்ததுதான்.

பிள்ளைகளே, உங்கள் முதல் படத்தோடு எங்களைப் போன்ற மூத்தவர்களின் மேசைக்கு வரும் நாளில் மூன்று விஷயங்களைக் கையோடு கொண்டு வாருங்கள்: உள்ளே போன மைக்ரோகிராம் எவ்வளவு, ரத்தத்தில் தாய் மூலக்கூறு எவ்வளவு மிச்சம், ஏற்பியைத் தடுத்தபோது ஒளி எவ்வளவு அணைந்தது. இந்த மூன்றும் இருந்தால் படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் உட்கார்ந்து பேசுவோம். அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கும் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.